காய்ச்சலோடு ஓடினார், ஆம்புலன்ஸ் வரவில்லை: கையெழுத்துப் போட்டுவிட்டால் கேட்க முடியாதா?

கேள்வி: என் கணவருக்கு வயது 38. கோத்தகிரி பக்கத்தில் சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறோம். பெங்களூரு நிறுவனம் ஒன்று எங்கள் மாவட்டத்தில் நடத்திய 21 கிலோமீட்டர் மலை ஓட்டத்துக்கு 1,200 ரூபாய் கட்டிப் பெயர் கொடுத்திருந்தார். ஓட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு காய்ச்சல். அன்று காலை பிப் நம்பர் (சட்டையில் குத்திக்கொள்ளும் ஓட்ட எண்) வாங்கும்போது, “காய்ச்சலா இருக்கு, அடுத்த வருஷத்துக்கு மாத்திக்கலாமா?” என்று கேட்டிருக்கிறார். “அதெல்லாம் முடியாது சார். மெதுவா ஓடுங்க, ஆம்புலன்ஸ் கூடவே வரும்” என்றார்களாம். மாத்திரை போட்டுக்கொண்டு ஓடினார். 14-வது கிலோமீட்டரில் விழுந்துவிட்டார். முக்கால் மணி நேரம் ஆம்புலன்ஸ் வரவில்லை. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள்தான் எஸ்டேட் பிக்கப் வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். தசை சிதைந்து சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, கோவையில் ஆறு நாள் சிகிச்சை. செலவு 1,86,000 ரூபாய். “சொந்தப் பொறுப்பில் ஓடுகிறேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்” என்கிறது அந்த நிறுவனம். “சாகச விளையாட்டு” என்று சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனியும் மறுத்துவிட்டது. எங்களுக்கு வழி உண்டா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நீலகிரி மாவட்டம்

பதில்: சகோதரி, வழி இருக்கிறது. உங்கள் கணவர் பிழைத்து வீடு திரும்பியதுதான் எல்லாவற்றிலும் பெரிது. அந்த எஸ்டேட் பெண்களுக்கு என் வணக்கத்தையும் சொல்லுங்கள்.

முதலில் அந்தக் கையெழுத்து. ஓட்டத்துக்கே உரிய ஆபத்துகள் உண்டு. கால் பிசகலாம், மூச்சு வாங்கலாம், இறக்கத்தில் சறுக்கி விழலாம். இவற்றை ஏற்றுக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால் அது அவரைக் கட்டுப்படுத்தும். ஆனால் ஆம்புலன்ஸ் இருக்கும் என்று சொல்லிப் பணம் வாங்கிவிட்டு, அதை வழியில் நிறுத்தி வைக்காமல் விட்டது ஓட்டத்தின் ஆபத்து ஆகாது. அது நடத்தியவர்களின் கவனக்குறைவு. 1998-ல் டில்லியில் ஒரு நட்சத்திர ஓட்டலில் சாவியோடு ஒப்படைத்த கார் திருடு போனது. பார்க்கிங் சீட்டில் “உரிமையாளரின் பொறுப்பில்” என்று அச்சடித்திருந்தது. சொந்தக் கவனக்குறைவுக்கு அந்த ஒரு வரியைக் காட்டி ஓட்டல் தப்பிக்க முடியாது என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது ஒப்படைத்த பொருள் பற்றிய வழக்கு. அப்படியே ஓட்டப் பந்தயத்துக்குப் பொருந்திவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் உங்கள் தரப்பில் எடுத்துவைக்கத் தகுந்த வலுவான வாதம்.

இனி நீங்கள் கேட்கத் தயங்கிய விஷயத்துக்கு வருகிறேன். காய்ச்சலோடு ஓடினாரே, அது நமக்கு எதிராகப் போகாதா? போகும். அவர் பங்குக்கும் தவறு இருக்கிறது என்று, நீங்கள் வழக்குப் போடப்போகும் நுகர்வோர் ஆணையம் சொல்லலாம். அந்த அளவுக்கு இழப்பீட்டைக் குறைக்கலாம். அதற்காகக் காய்ச்சலை மறைத்து மனு எழுதாதீர்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது “இரண்டு நாள் காய்ச்சல்” என்று நீங்களே சொல்லியிருப்பீர்கள். அது கேஸ் ஷீட்டில் (ஆஸ்பத்திரியின் சிகிச்சைப் பதிவேட்டில்) முதல் வரியிலேயே இருக்கும். எதிர்த்தரப்பு அதை எடுத்து நீட்டும்போது மற்ற உண்மைகளையும் யாரும் நம்ப மாட்டார்கள். மனுவின் முதல் பத்தியிலேயே காய்ச்சலைச் சொல்லுங்கள். அதை அவர் கவுன்ட்டரில் சொன்னதையும், அவர்கள் தந்த பதிலையும் உடனே அடுத்து எழுதுங்கள். அப்போது அது உங்களுக்கும் உதவும்: உடம்பு சரியில்லை என்று தெரிந்தே ஓடச் சொன்னார்கள், ஆம்புலன்ஸ் வரும் என்று உறுதியும் தந்தார்கள். “சொன்னது வெறும் தன்னார்வலர்” என்பார்கள். அவர்களுடைய டீ-சர்ட் போட்டு அவர்களுடைய கவுன்ட்டரில் உட்கார்ந்து பேசியவரின் பேச்சுக்கு அவர்கள்தான் பொறுப்பு. அந்த வரிசையில் பின்னால் நின்று அதைக் கேட்ட ஓட்டக்காரர் ஒருவர் கிடைத்தாலும் போதும்.

வழக்கின் உயிர்நாடி அந்த முக்கால் மணி நேரம். காய்ச்சலால் வந்த பாதிப்புக்கு ஏற்பாட்டாளர்கள் பொறுப்பில்லை. தாமதத்தால் கூடுதலாக வந்த பாதிப்புக்குத்தான் அவர்களைக் கேட்க முடியும். எனவே சிகிச்சை தந்த டாக்டரிடம் ஒரே ஒரு கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: விழுந்தவுடன் உடம்பில் நீர் ஏற்றியிருந்தால் சிறுநீரகம் இந்த அளவுக்குப் போயிருக்குமா? டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது, முழு கேஸ் ஷீட்டும் வேண்டும். நோயாளி எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்பது 2002-ம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி.

நேரத்தை நிரூபிப்பது எப்படி? ஓடும் நேரத்தைப் பதிய அவர் காலில் கட்டியிருந்த டைமிங் சிப், கையில் வாட்ச் இருந்தால் அதன் பதிவு, 108-க்கு யார் போனிலிருந்து அழைத்தார்களோ அந்தப் போனின் கால் ஹிஸ்டரி, எல்லாவற்றையும் இப்போதே எடுத்து வையுங்கள். நம் மலையில் வளைவுக்கு வளைவு சிக்னல் போய்விடும். அதனால் எத்தனை முறை முயன்றார்கள் என்பதும் முக்கியம். பிக்கப் டிரைவரையும் அந்தப் பெண்களையும் பார்த்து, விழுந்த இடம், நேரம், அங்கே தண்ணீர் ஸ்டால் இருந்ததா என்பதையெல்லாம் எழுதி வாங்குங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை என்பதால் தண்ணீர் வைக்க முடியவில்லை என்று சமாதானம் சொல்வார்கள். டிரம்மும் எவர்சில்வர் டம்ளரும் வைப்பதை யாரும் தடை செய்யவில்லை. ஓட்டத்துக்கான வாட்ஸ்அப் குழுவில் ஆம்புலன்ஸ் பற்றி ஏற்பாட்டாளர்கள் போட்ட செய்திகளை, அவர்கள் அழிப்பதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், போனையும் மாற்றாதீர்கள். அவற்றைத் தாக்கல் செய்ய புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 63-வது பிரிவின்படி ஒரு சான்றிதழ் தேவைப்படும். உங்கள் வக்கீல் தயாரித்துக்கொள்வார்.

அப்புறம் ஒரு தகவல் அறியும் உரிமை மனு. கட்டணம் 10 ரூபாய்தான். அந்த ஓட்டத்துக்குக் காவல்துறையும் மாவட்ட நிர்வாகமும் அனுமதி தந்தனவா, என்னென்ன நிபந்தனை போட்டன, எத்தனை ஆம்புலன்ஸ் நிறுத்துவதாக ஏற்பாட்டாளர்கள் எழுதிக் கொடுத்தார்கள் என்று நகலோடு கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தக் காகிதம் வந்துவிட்டால் வழக்கின் பாதி வேலை முடிந்தது.

வழக்கை ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் போடலாம். நிறுவனம் பெங்களூரில் இருந்தாலும் பரவாயில்லை. 2019-ம் ஆண்டுச் சட்டப்படி புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே தாக்கல் செய்யலாம். ஓட்டத்துக்காக நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் மனுக் கட்டணம் கிடையாது. சம்பவத்திலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். புகார்தாரர் உங்கள் கணவர்தான், கையெழுத்து அவருடையதாக இருக்கட்டும். ஒன்றைக் கவனியுங்கள்: ‘அந்தப் படிவமே நியாயமற்ற ஒப்பந்தம், செல்லாது என்று அறிவிக்க வேண்டும்’ எனக் கேட்டால் அது சென்னையில் மாநில ஆணையத்துக்குப் போய்விடும். ‘சேவைக் குறைபாடு’ என்று மட்டும் கேளுங்கள், ஊட்டியிலேயே முடியும். போலீஸ் புகார் பற்றிச் சிலர் சொல்லியிருப்பார்கள். பணத்தை வரவழைக்கக் கிரிமினல் புகாரை ஆயுதமாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

இன்சூரன்ஸ் விஷயத்தில் நீங்கள் இன்னும் நல்ல நிலையில் இருக்கிறீர்கள். மெடிக்ளைம் பாலிசிகளில் உள்ள பொதுவான விலக்கு, சாகச விளையாட்டில் தொழில்முறையாக ஈடுபடுபவர்களுக்கானது. உதாரணமாகச் சொல்வதும் பாறை ஏறுதல், பாராசூட், ஸ்கூபா டைவிங் போன்றவற்றைத்தான். உங்கள் கணவர் தேயிலை விவசாயி, ரோட்டில் ஓடினார். இதைச் சொல்லிக் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். மறுத்தாலோ, 30 நாளில் பதில் வராவிட்டாலோ, ஒரு வருடத்துக்குள் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். செலவில்லை, வக்கீலும் வேண்டாம். கம்பெனி மீது நுகர்வோர் வழக்கு நிலுவையில் இருந்தால் அங்கே எடுக்க மாட்டார்கள். அதனால் கம்பெனியை ஊட்டி வழக்கில் சேர்க்காதீர்கள். குறைதீர்ப்பாளரிடம் ஏதாவது தொகை கிடைத்தால் ஊட்டி மனுவில் அதைச் சொல்லிவிட்டு மீதியைக் கேளுங்கள்.

நிறுவனம் இப்போது 1,200 ரூபாயைத் திருப்பித் தருகிறோம், அடுத்த வருடம் இலவசமாக ஓடலாம் என்று தூது விடக்கூடும். கூடவே “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று ஒரு கடிதத்தையும் நீட்டுவார்கள். பணத்துக்கு ஆசைப்பட்டு அதில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். வக்கீல் நோட்டீஸை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதை கேஸ் ஷீட்டோடு சேர்த்து வையுங்கள்.