சொறிநாய்க்கு ஒரு வக்காலத்து

கேள்வி: எங்கள் கல்லூரி வளாகத்தில் திரியும் ஒரு சொறிநாய்க்குத் தினமும் பிஸ்கட் போட்டுத் தடவிக்கொடுப்பேன். இப்போது விடுதி அறையில் நாங்கள் நான்கு பேரும் ஒரு மாதமாக ராத்திரியெல்லாம் சொறிகிறோம். நாயைத் துரத்த வேண்டும் என்கிறார்கள் நண்பர்கள். துரத்திவிடலாமா?
– பெயர் வேண்டாம், திருச்சி.

பதில்: 'சொறிநாய்' என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! நாய் பாவம், தன் முதுகைத் தானே சொறிந்துகொள்கிறது. அடுத்தவர் முதுகைச் சொறிந்துவிட்டுப் பதிலுக்குத் தன் முதுகைத் திருப்பிக் காட்டுவதெல்லாம் நூல் வெளியீட்டு விழாக்களில்தான். போன மாதம் ஒன்றுக்குப் போயிருந்தேன். நூலாசிரியரை 'இந்த நூற்றாண்டின் குரல்' என்றார் ஒரு கவிஞர். 'நூற்றாண்டு இன்னும் முக்கால்வாசி பாக்கி கிடக்கிறதே' என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் முணுமுணுத்தேன். அடுத்துப் பேச வேண்டியவர் அவர்தான் என்று எனக்கென்ன தெரியும்? 'ஆயிரமாண்டின் குரல்' என்று ஏற்றிவிட்டு இறங்கினார். அந்தக் கவிஞர் என்னோடு பேசிப் பதினோரு வருடமாகிறது. அவர் தொகுப்புக்கு நான் மதிப்புரை எழுதியதுதான் காரணம்.

சரி, நாய்க்கு வருகிறேன். அதன் சொறிக்கும் நம் சிரங்குக்கும் காரணமான பூச்சிகள் பங்காளிகள்தான், ஆனால் வேறு வேறு வீடு. நாயுடையது உங்கள் மேல் ஏறினால் சில நாள் அரிக்கும். குடும்பம் நடத்த நம் தோல் அதற்குச் சரிப்படாது. கால்நடை மருத்துவரிடம் காட்டினால் நாய்க்கும் குணமாகிவிடும். நாயிடம் பயப்பட வேண்டியது பல்லுக்கு. கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு ஊசிக்கு ஓடுங்கள்.

நான்கு பேர், ஒரு மாதம், ராத்திரி அரிப்பு என்றால் என் சந்தேகமெல்லாம் உங்கள் நால்வர் மேல்தான். மனிதச் சிரங்கின் அரை மில்லிமீட்டர்கூட இல்லாத பெண் பூச்சி மேல்தோலில் சுரங்கம் தோண்டி நாளுக்கு 2, 3 முட்டை இடும். முதல்முறை வாங்கியவருக்கு 4 முதல் 6 வாரம் வரை ஒன்றுமே தெரியாமல் போகலாம். அதற்குள் மற்றவர்களுக்கும் பந்தி வைத்திருப்பார்.

லுங்கி மாற்றிக் கட்டியதால் வந்தது என்பீர்கள். 1941இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் கென்னத் மெல்லன்பி என்பவர், போருக்குப் போக மறுத்த சமாதானவாதிகளைச் சிரங்கு வந்த சிப்பாய்களின் போர்வையில் படுக்கவைத்துப் பார்த்தார். லேசில் ஒட்டவில்லை. தோலோடு தோல் நெடுநேரம் உரசினால்தான் ஒட்டும் என்று தெரிந்தது. ஒரே கட்டிலில் கால்மேல் கால் போட்டு ஒரே செல்போனில் கிரிக்கெட் பார்க்கிறீர்களே, அது போதும்.

தோல் மருத்துவரைப் பாருங்கள். பெரும்பாலும் பெர்மெத்ரின் 5% கிரீம் தருவார். கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, விரலிடுக்கு, தொப்புள் விடாமல், நான்கு பேரும் ஒரே ராத்திரி தடவ வேண்டும், அரிக்காதவர் இருந்தால் அவரும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. துணி, போர்வையை வெந்நீரில் துவையுங்கள். பூச்சி செத்த பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிக்கும், பதறாதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் மட்டும் 'அரிப்புக்கு ஒரு டியூப்' என்று கேட்டுவிடாதீர்கள். இதை இந்தப் பக்கத்தில் எத்தனையாவது தடவை எழுதுகிறேனோ! ஸ்டீராய்டு கலந்த டியூப் அரிப்பை அமுக்கும். பூச்சி நிம்மதியாக முட்டையிடும்.

எங்கள் விடுதிக்கும் ஒருமுறை சிரங்கு வந்தது. வார்டன், மெஸ் வாசலில் கிடந்த மணி என்ற நாயைக் கோணியில் கட்டி ஆற்றுக்கு அந்தப்பக்கம் விட்டுவர ஆளனுப்பினார். மூன்றாம் நாள் மணி மெஸ் வாசலில் படுத்திருந்தது. நாங்கள் வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்து சொறிந்துகொண்டிருந்தோம். மணியை மறுபடி பிடிக்கச் சொல்லி வார்டன் கையை நீட்டினார். அவர் விரலிடுக்கெல்லாம் சிவப்புப் புள்ளி.