செய்திப் படிவத்தில் புதிய புலம் சேர்க்கும் முன்: வாசகர் கேள்விகள்

ஊர்ச் செய்தித் தளங்களை நடத்தும் குமரி மாவட்ட வாசகர்கள் அனுப்பியவற்றில் சில கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். புலம் என்பது செய்தி பதியும் படிவத்தில் ஒரு தகவலுக்கான தனிப் பெட்டி.

அணை நீர்மட்டத்தைத் தினமும் செய்திக்குள்ளேயே எழுதி வருகிறோம். தனிப் புலமாக மாற்றலாமா? (குலசேகரம்)

தாராளமாக. வாக்கியத்துக்குள் கிடக்கும் எண்ணை மனிதர் படித்துக்கொள்வார். போன ஆண்டு இதே நாளில் எத்தனை அடி இருந்தது என்று கேட்டால் கணினியால் எடுத்துத் தர இயலாது. கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரு நெல் போகங்களுக்கும் தண்ணீர் எதிர்பார்க்கும் விவசாயி கேட்பது அந்த ஒப்பீட்டைத்தான்.

ஆனால் செய்திகளைச் சேமிக்கும் தரவுத்தள அட்டவணையில் அணைக்கொரு பத்தி (நெடுவரிசை) சேர்க்காதீர்கள். இன்று பேச்சிப்பாறை, பெருஞ்சாணி. நாளை சிற்றாறு, பொய்கை, மாம்பழத்துறையாறு என்று அட்டவணை வீங்கிக்கொண்டே போகும். தனி அட்டவணை ஒன்றில் தேதி, அணை, நீர்மட்டம் என்று மூன்று பத்திகள் போதும். நீர்மட்டத்துக்கு டெசிமல் (5,2) வகை பொருந்தும்: மொத்தம் 5 இலக்கம், அதில் புள்ளிக்குப் பின் 2. பேச்சிப்பாறையின் உச்சம் 48 அடி, பெருஞ்சாணிக்கு 77. படிவத்திலேயே இந்த வரம்பைச் சோதித்தால், 42.5 என்பதை 425 என்று தட்டியவரை அங்கேயே நிறுத்திவிடலாம். சர்வரிலும் அதே சோதனை வேண்டும். பிரவுசரில் வைத்த சோதனையை யாரும் தாண்டி வரலாம்.

ஒன்றை மறக்க வேண்டாம். அளவு கிடைக்காத நாளில் பத்தியை வெறுமையாக, அதாவது 'நல்' மதிப்பாக விடுங்கள். சுழியம் போட்டால் அணை வறண்டுபோனதாகப் பதிவாகிவிடும்.

செய்தி அனுப்புவோரின் கைபேசி எண்ணைக் கேட்கிறோம். எல்லோருக்கும் 2147483647 என்ற ஒரே எண் பதிவாகிறது! (தக்கலை)

நீங்கள் 'இன்ட்' என்ற முழு எண் வகையில் சேமிக்கிறீர்கள். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் அந்த வகை தாங்கும் உச்ச எண் இதுதான். நம் நாட்டுக் கைபேசி எண்கள் 6 முதல் 9 வரையிலான இலக்கங்களில் தொடங்குவதால் எல்லாமே இதைத் தாண்டிவிடுகின்றன. வரம்பு மீறிய மதிப்பை ஏற்காத கண்டிப்பு முறை இயங்கும் சர்வர் பிழை காட்டி மறுத்திருக்கும். உங்களுடையது உச்ச எண்ணோடு வெட்டிவிட்டது. இன்னும் பெரிய எண்களைத் தாங்கும் 'பிக்இன்ட்' வகைக்கு மாற்றினாலும் தரைவழி எண்ணில் சிக்கல் தீராது: நாகர்கோவிலின் 04652, முன்னால் உள்ள சுழியத்தை இழந்துவிடும். கூட்டிக் கழிக்காத எண்ணை எழுத்தாகவே வையுங்கள். 15 குறிகள் வரை ஏற்கும் எழுத்து வகையான வார்சார் (15) போதும். ஏற்கெனவே போன எண்கள் அட்டவணையிலிருந்து திரும்பாது. மின்னஞ்சலில் நகல் வந்திருந்தால் அதிலிருந்து எடுக்கலாம்.

முகப்பில் தலைப்பைச் சுருக்கினால் கடைசி எழுத்து கேள்விக்குறியாகிறது. (மார்த்தாண்டம்)

உங்கள் நிரல் எழுத்துகளை அல்ல, கணினியின் சேமிப்பு அலகான பைட்டுகளை எண்ணி வெட்டுகிறது. 'கன்னியாகுமரி' நம் கண்ணுக்கு 7 எழுத்து. புள்ளியையும் துணைக் குறிகளையும் தனித்தனியாக எண்ணும் யுனிகோடு முறையில் 12 குறிகள். யுடிஎஃப்-8 சேமிப்பில் 36 பைட்டுகள். பிஎச்பி நிரல்மொழியில் இந்தக் குறிகளை எண்ணி வெட்டும் எம்பி_சப்ஸ்டர் கேள்விக்குறியைப் போக்கும், ஆனால் 'ன்' என்பதன் புள்ளியைப் பிரித்து 'கன' என்று நிறுத்திவிடக்கூடும். தமிழுக்குச் சரியானது, முழு எழுத்துகளை எண்ணி வெட்டும் கிராஃபீம்_சப்ஸ்டர். எதுவானாலும் முழுத் தலைப்பையும் சேமித்து, காட்டும் இடத்தில் மட்டும் சுருக்குங்கள்.

இரவு இரண்டு மணிச் செய்தியில் முந்தைய நாள் தேதி வருகிறது. (தோவாளை)

சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். நிரலின் தொடக்கத்தில் நேர மண்டலத்தை 'ஏசியா/கொல்கத்தா' என்று அமையுங்கள்.

தரவுத்தளம் இல்லாமல் உரைக் கோப்பில் சேமிக்கும் பழைய நிரல் எங்களுடையது. மீன் விலைப் புலம் சேர்த்த பிறகு பத்திகள் இடம் மாறுகின்றன. (குளச்சல்)

அத்தகைய கோப்பில் ஒரு செய்திக்கு ஒரு வரி. புலங்களைப் பிரிப்பது செங்குத்துக் கோடு. யாரோ 'சாளை | நெத்தலி' என்று தட்டியிருப்பார். அல்லது விலைப் பெட்டியில் என்டர் அழுத்தியிருப்பார். சேமிக்கும் முன் இரண்டையும் வேறு குறியீடாக மாற்றினால் தீரும். இருவர் ஒரே நேரத்தில் பதிவிட்டால் கோப்பு சிதையாதிருக்க, ஒருவர் எழுதி முடிக்கும் வரை மற்றவரைக் காக்கவைக்கும் கோப்புப் பூட்டும் அவசியம். என்னைக் கேட்டால் எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தளத்துக்கு மாறுவதே நல்லது: அதுவும் ஒரே கோப்புதான், தனி சர்வர் தேவையில்லை.

அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. அந்த உரைக் கோப்பு இணையக் கோப்புறைக்குள்ளேயே இருந்தால், முகவரி தெரிந்த எவரும் திறந்து, செய்தி அனுப்பியோரின் தொலைபேசி எண்களை வாசிக்கலாம். நம்மை நம்பிக் கொடுத்த எண்கள் அவை. கோப்பை அந்தக் கோப்புறைக்கு வெளியே நகர்த்தி, நிரலில் பாதையை மாற்றுங்கள். பிறகு பழைய முகவரியைப் பிரவுசரில் தட்டிப் பாருங்கள்; பக்கம் இல்லை என்று வந்தால்தான் வேலை முடிந்தது.