எக்சோசோம் டெஸ்ட்டுக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் இருக்கிறோம். அம்மாவுக்கு 68 வயது. ஆறு மாதமாகச் சொன்னதையே சொல்கிறார், அடுப்பை அணைக்க மறக்கிறார். லேபுக்கு ரத்தம் சேகரிக்கும் ஒருவர், "எக்சோசோம் டெஸ்ட் எடுத்தால் அல்சைமரா இல்லையா என்று தெரிந்துவிடும், 18,000 ரூபாய், நானே கோவைக்கு அனுப்புகிறேன்" என்கிறார். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

எக்சோசோம் என்பது கட்டுக்கதை இல்லை. நம் செல்கள் வெளியே விடும் நுண்ணிய பைகள் அவை. 30 முதல் 150 நானோமீட்டர் அளவு. அல்சைமரில் மூளையில் சேரும் அமிலாய்டு, டௌ புரதங்களை இவை சுமந்து செல்வதை ஆய்வுக்கூடங்களில் பார்த்திருக்கிறார்கள். நோய் செல் விட்டு செல் எப்படிப் பரவுகிறது என்று புரிந்துகொள்ள இது நல்ல வழி. ஆனால் ரத்தத்தில் இருக்கும் பைகளில் பெரும்பாலானவை ரத்த அணுக்கள் விட்டவை. மூளையிலிருந்து வந்ததைப் பிரித்தெடுக்க எல்1கேம் என்ற புரதத்தை அடையாளமாக வைத்துப் பல வருடம் வேலை நடந்தது. அந்தப் புரதம் ரத்தத்தில் பைகளோடு ஒட்டாமல் தனியாகத் திரிகிறது என்று 2021-ல் ஓர் ஆய்வு காட்டியது. அடையாளமே சந்தேகத்தில் இருக்கிறது.

எடுக்கும் முறையும் முக்கியம். குழாயில் ரத்தம் கிடக்கக் கிடக்கத் தட்டணுக்கள் (ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டுகள்) புதுப் பைகளை உதிர்த்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் ஆய்வுக்கூடத்தில் சீக்கிரமே சுழற்றி, தட்டணுக்களை நீக்கி, மைனஸ் 80 டிகிரியில் உறைய வைக்கிறார்கள். காலையில் எடுத்த குழாய் வளைவுக்கு வளைவு குலுங்கி மேட்டுப்பாளையம் இறங்கி மாலையில் லேபுக்குப் போனால், சிவப்பணுக்களும் உடைந்திருக்கலாம். அந்த ரிசல்ட் பஸ் பயணத்தைப் பற்றித்தான் சொல்லும்.

ரத்தம் சேகரிப்பவருக்கு டெஸ்ட்டுக்குக் கமிஷன் இருக்கலாம். விலை கூடினால் கமிஷனும் கூடலாம். இதைக் கேட்க ஆளில்லை என்பதுதான் எரிச்சலாக இருக்கிறது. அடுத்ததாக "எக்சோசோம் ஊசி போட்டால் ஞாபகம் திரும்பும்" என்று வருவார்கள். எந்த நோய்க்கும் எக்சோசோம் மருந்துக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி தந்ததில்லை. 2019 டிசம்பரிலேயே பொதுமக்களை எச்சரித்துவிட்டது. பி-டௌ 217 என்ற ரத்தப் பரிசோதனையை இதோடு குழப்பியும் விற்பார்கள். அது வேறு, ரத்தத்தில் டௌ புரதத்தின் ஒரு வகையை அளப்பது. அறிகுறி உள்ளவர்களுக்கு நிபுணர் பார்த்துக் கேட்டால் மட்டும் எடுப்பது.

ஒரே ஒரு இடத்தில் எக்சோசோமுக்கு ரத்தம் கொடுக்கலாம்: முறையான ஆராய்ச்சியில். அதை எப்படி அடையாளம் காண்பது? உங்களிடம் பணம் கேட்க மாட்டார்கள். தமிழில் ஒப்புதல் படிவம் தருவார்கள், அதில் நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கும், பாதியில் விலகலாம் என்றும் எழுதியிருக்கும். அம்மாவுக்குப் புரிகிற மொழியில் விளக்குவார்கள். அவருக்குப் புரியவில்லை என்றால் உங்கள் கையெழுத்தையும் கேட்பார்கள். ரிசல்ட் உங்கள் கைக்கு வராமலும் போகலாம், அது ஏமாற்று இல்லை. "ஆராய்ச்சிக்குத்தான், செலவை மட்டும் கொடுங்கள்" என்றால் அது ஆராய்ச்சி இல்லை.

இப்போது செய்ய வேண்டியது: டாக்டரிடம் சொல்லி டிஎஸ்ஹெச் (தைராய்டு டெஸ்ட்), வைட்டமின் பி12, சோடியம், ஹீமோகுளோபின், சர்க்கரை, கிட்னி பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு, பி12 குறைவால் வரும் மறதி சிகிச்சையில் தேற வாய்ப்பு உண்டு. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் சாப்பிட்டால் பி12 இறங்கும். சளிக்குக் கடையில் வாங்கும் குளோர்பெனிரமின் மாத்திரையும் வயதானவர்களைக் குழப்பும். இந்தக் குளிரில் அதை மாதக்கணக்கில் விழுங்குகிறவர்கள் உண்டு. சில மாதங்களுக்குள் தோட்டச் சரிவிலோ படியிலோ விழுந்தாரா? அடி லேசாக இருந்தாலும் மூளைக்கு மேல் மெதுவாக ரத்தம் கட்டலாம். ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் அதிகம். சிடி ஸ்கேனில் தெரியும், பல நேரம் ஆபரேஷனில் சரியாகும்.

ஞாபகச் சோதனைக்கு உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே தொடங்குங்கள்; நரம்பியல் நிபுணர் தேவைப்பட்டால் அங்கிருந்து கடிதம் வாங்கிக் கோவைக்குப் போங்கள். வீட்டில் படுகு மொழி பேசுகிறீர்கள் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தமிழில் கேட்டுத் திணறினால் மார்க் குறையும், மறதி அதிகம் என்று எழுதிவிடுவார்கள். எத்தனையாவது வரை படித்தார் என்பதையும் சொல்லுங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். எப்போது, எதை மறந்தார் என்று ஒரு தாளில் தேதியோடு எழுதி வையுங்கள். அம்மாவின் முன் படிக்காமல் டாக்டர் கையில் கொடுங்கள்.