சுற்றுப்போட்டிக்கு வாங்கிய மட்டையை விளையாடிவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாமா?

கேள்வி: புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு கிராமத்தில் விளையாட்டுக் கழகம் நடத்துகிறோம். சனி, ஞாயிறு நடந்த கடினப்பந்துச் சுற்றுப்போட்டிக்காக வெள்ளிக்கிழமை கிளிநொச்சிக் கடையொன்றில் இரண்டு மட்டை, ஒரு ஹெல்மெற், ஒரு சோடி ஸ்பைக் சப்பாத்து வாங்கினோம். காசு வெளிநாட்டிலுள்ள ஊர் ஆட்கள் அனுப்பியது. அரையிறுதியில் தோற்றுவிட்டோம். ஒரு மட்டையின் பிடி ஆடுகிறது, மற்றது நன்றாக இருக்கிறது. ஹெல்மெற்றில் வேகப்பந்து ஒன்று பட்டது, ஆனால் கீறல்கூட இல்லை. பெட்டி, லேபல் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. "துடைச்சுப்போட்டு, அளவு சரியில்லை எண்டு சொல்லித் திருப்பிக் குடுப்பம், கடைக்கார அண்ணை தெரிஞ்ச ஆள்தானே" என்கிறார்கள் பெடியள். செயலாளர் என்ற முறையில் எனக்கு மனம் ஒப்பவில்லை. போன மாதம் வேறு கடையில் வாங்கிய உதைபந்தும் ஒரே நாளில் காற்று இறங்குகிறது. எதை எதைக் கொண்டுபோகலாம்?

பதில்: எல்லாவற்றுக்கும் ஒரே பதில் இல்லை. பிடி ஆடும் மட்டையைத் தயங்காமல் கொண்டுபோங்கள். நல்ல மட்டையையும் சப்பாத்தையும் பாவிக்காதவை என்று சொல்லிக் கொடுப்பது ஏமாற்று. ஹெல்மெற்றை எவரிடமும் கொடுக்கக்கூடாது. உதைபந்தைக் கொண்டுபோக முன்னர் வீட்டில் ஒரு சோதனை இருக்கிறது.

ஹெல்மெற்றிலிருந்தே தொடங்குகிறோம், ஏனென்றால் இதில் போவது காசு மட்டுமல்ல. வெளி ஓடு அடியைப் பரப்பும், உள்ளே இருக்கும் நுரை நசுங்கி அந்த வேகத்தைத் தன்னில் வாங்கிக்கொள்ளும். ஓடு பழைய வடிவத்துக்கு வந்துவிடலாம், நசுங்கிய நுரை முழுதாக மீளாமல் போகலாம். ஓட்டிலேயே கண்ணுக்குத் தெரியாத வெடிப்பும் இருக்கலாம். அடுத்த பந்து அதே இடத்தில் பட்டால் தலை வாங்கும் அடி கூடும். பலத்த அடி பட்ட ஹெல்மெற்றை மாற்றச் சொல்லித் தயாரிப்பாளர்கள் அறிவுறுத்துவது இதற்காகத்தான். கீறல் இல்லை என்பதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

இப்போது நீங்கள் அதைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக் கொடுத்தால் கடைக்காரர் திரும்ப அடுக்கில் வைப்பார். அவருக்குத் தெரிய வழியில்லை. அடுத்த கிழமை மல்லாவியிலோ ஒட்டுசுட்டானிலோ ஒரு பாடசாலை அணி அதை வாங்கிப்போய், 15 வயதுக்குட்பட்ட ஆரம்பத் துடுப்பாட்டக்காரனின் தலையில் போடும். ஆகவே நாடாவை வெட்டுங்கள், உள் நுரையைக் கழற்றுங்கள், ஓட்டில் பெரிதாக "பாவிக்க வேண்டாம்" என்று எழுதுங்கள். அப்படியே கழக அறை மூலையில் வைத்தால் எவனாவது ஒருநாள் எடுத்துப் போடுவான். கழகப் பொருட் பதிவேட்டிலும் நீக்கியதாகப் பதியுங்கள். அடுத்த ஹெல்மெற் வாங்கும்போது உள்ளே பிஎஸ் 7928:2013 என்ற தர அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். முகக்கம்பியின் இடைவெளிக்குள்ளாலும், கம்பிக்கும் முன் விளிம்புக்கும் நடுவாலும் பந்து நுழைகிறதா என்று சோதிக்கிற தரம் அது.

நல்ல மட்டைக்கு வருவோம். இரண்டு நாள் கடினப்பந்து வாங்கிய மட்டையின் முகத்தில் சிவப்புத் தடமும் தையல் பதிந்த சின்னப் பள்ளங்களும் இருக்கும். துடைத்தால் நிறம் போகலாம், பள்ளம் போகாது. மட்டையை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தால் விளங்கிவிடும். மணற்தாள் போட்டுத் தேய்க்கும் யோசனை யாருக்காவது வந்தால் உடனே நிறுத்துங்கள். முகத்தின் மேல் நார் மெலிந்து, நல்ல மட்டையும் கெட்டுப்போகும்.

கொழும்பிலிருந்து மொத்தமாக எடுத்துவந்து விற்கும் கடையில், உற்பத்திக் குறை என்றால் கடைக்காரர் மொத்த விற்பனையாளரிடம் பேசிப் பார்க்கலாம். விளையாடிய மட்டையை யாரும் திரும்ப எடுக்கமாட்டார்கள். அந்த நட்டத்தை அவர் தன் கையால் கட்ட வேண்டும், அல்லது அடுத்தவருக்குப் புதிது என்று விற்க வேண்டும். தெரிந்த ஆள் என்று பெடியள் சொல்வதுதான் எங்களுக்கு மிகவும் உறுத்துகிறது. உங்கள் கழகம் அவருடைய வாடிக்கை. பொய் என்று விளங்கினாலும் முகத்துக்கு நேரே மறுப்பது அவருக்குக் கஷ்டம். அந்தக் கஷ்டத்தைப் பாவித்துக் காசு எடுப்பது, முன்பின் தெரியாத ஆளை ஏமாற்றுவதை விட மோசம்.

சட்டமும் உங்கள் பெடியள் பக்கம் இல்லை. 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, வாங்குபவர் பொருளைப் பரிசோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்பு உண்டு. கையில் கிடைத்த பின் உரிமையாளரைப் போல நடந்துகொண்டால் அதை ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். கையில் பிடித்து, ஒருதரம் சுழற்றி, நிறை பார்ப்பது பரிசோதனை. சுற்றுப்போட்டி விளையாடுவது அதற்குள் அடங்காது.

"லண்டனில 14 நாளுக்குள்ள எதையும் திருப்பலாமே" என்று காசு அனுப்பியவர்கள் கேட்கக்கூடும். பிரித்தானியாவில் அந்த 14 நாள் இணையம், தொலைபேசி போன்ற வழிகளில் வாங்கும் பொருட்களுக்கானது. அங்கும் கடையில் வைத்துப் பார்ப்பதற்கு மேலாகப் பாவித்துப் பெறுமதி குறைந்தால் விற்பவர் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுக்கலாம்.

இன்னொன்று உங்கள் கணக்கு. பற்றுச்சீட்டை நன்கொடையாளருக்கு அனுப்பிவிட்டு, பொருளைத் திருப்பிக் காசாக எடுத்தால் அந்தச் சீட்டு பொய்க் கணக்காகிவிடும். எந்த வழியில் காசு திரும்பி வந்தாலும், ஒரு பகுதியானாலும், பொருளாளர் அதை வரவில் பதிந்து அனுப்பியவர்களுக்கு அறிவிக்க வேண்டும்.

உள்ளதைச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை. இப்படிச் சொல்லலாம்: "அண்ணை, இது ரெண்டு நாள் கடினப்பந்துக்கு விளையாடின மட்டை. எங்களுக்கு இனித் தேவைப்படாது. பாவிச்சதெண்டு சொல்லி வித்துத் தர ஏலுமோ? இல்லாட்டி விலையைக் கழிச்சு வேற சாமான் தருவீங்களோ?" அவர் ஏலாது என்றால் அத்தோடு விடுங்கள். பக்கத்துக் கழகத்துக்கு உண்மையைச் சொல்லி விற்கலாம். ஆனால் எங்களைக் கேட்டால் வைத்திருக்கச் சொல்வோம். கொஞ்சம் அடிபட்ட மட்டை புது மட்டையை விட விளையாட்டுக்குத் தயாரானது.

சப்பாத்து இன்னும் சுருக்கம். கிரவல் மண்ணில் ஒரு ஓவர் ஓடினாலே அடி தேய்ந்துவிடும், உள்ளே வியர்வையும் ஊறிவிடும். போட்ட பெடியனே ஒரு விலை கொடுத்து வைத்திருக்கட்டும். இனி வாங்கும்போது பின்னேரம் போய், விளையாடும்போது போடும் அதே காலுறையோடு, கடைக்குள்ளேயே ஒரு காட்போட் அட்டை விரித்து அதன்மேல் நடந்து பாருங்கள். பகல் முழுக்க நடந்த கால் சற்று வீங்கியிருக்கும், அதுதான் சரியான அளவைக் காட்டும்.

பிடி ஆடும் மட்டை முற்றிலும் வேறு விஷயம். பிரம்புப் பிடி ஆப்புப்போல மரத்துக்குள் இறங்கிப் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். இரண்டு நாளில் அந்த ஒட்டு விட்டால் பசை அல்லது பொருத்தல் குறை என்ற சந்தேகம் நியாயமானது. இன்றே விளையாடுவதை நிறுத்துங்கள். ரேப் சுற்றாதீர்கள், பசை ஊற்றாதீர்கள், குறை மறைந்து உங்கள் நியாயமும் மறைந்துவிடும். இடைவெளி தெரிய, திகதியோடு படம் எடுத்து, பற்றுச்சீட்டோடு உடனே போங்கள். பிடியைத் திரும்பப் பொருத்தித் தருவது, மாற்று மட்டை, காசு ஆகிய மூன்றில் எது முடியும் என்று கேளுங்கள்.

அவர் கேட்கும் கேள்விகளுக்கும் நேராகப் பதில் சொல்ல வேண்டும். மென்பந்துக்கு என்று விற்ற மட்டையால் கடினப்பந்து அடித்தீர்களா? ஆட்டமிழந்த கோபத்தில் யாராவது நிலத்தில் குத்தினானா? தகரக் கொட்டிலிலோ வெயிலில் நின்ற வாகனத்திலோ நாள் முழுக்கக் கிடந்ததா? வன்னி வெயிலில் பூட்டிய வாகனத்துக்குள் மரம் காய்ந்து பசையும் இளகலாம். இவற்றில் ஒன்று நடந்திருந்தால் பழி முழுவதையும் கடையின் மேல் போட முடியாது.

அப்படி எதுவும் இல்லாமல் அவர் கையை விரித்தால், பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி, விற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போக வேண்டும். அவசர இலக்கம் 1977. முதலில் பேசித் தீர்க்கப் பாருங்கள்.

பிடிக்குப் பதிலாக மட்டையின் விளிம்போ அடிநுனியோ வெடித்திருந்தால் எங்கள் பதில் மாறியிருக்கும். கடினப்பந்துக்கான புது மட்டையை முதலில் பக்குவப்படுத்த வேண்டும். காய்ச்சாத லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் ஒரு தேக்கரண்டி அளவு எடுத்து முகம், விளிம்பு, அடிநுனியில் மெல்லப் பூசுங்கள். பிடி இறங்கும் இடத்தில் படக்கூடாது. மட்டையைப் படுக்கையாக வைத்து இரவு முழுக்கக் காயவிட்டு, இப்படி இரண்டு மூன்று பூச்சு. மேலே தாள் ஒட்டி வரும் மட்டைகளுக்குத் தாள் இல்லாத இடத்தில் மட்டும் பூசினால் போதும். பிறகு மரச் சுத்தியலால் பல நாளாகப் பிரித்து, மொத்தம் ஆறு மணித்தியாலம் வரை தட்டி, பழைய பந்தில் மெல்ல அடித்துப் பழக்க வேண்டும். வெள்ளிக்கிழமை வாங்கிச் சனிக்கிழமை கடினப்பந்துக்குப் பிடித்தால் விளிம்பு வெடிப்பதற்குக் கடைக்காரர் பொறுப்பாக மாட்டார்.

இரண்டு நாள் தேவைக்காகப் புதுப் பொருள் வாங்குவதையே நாங்கள் தவிர்க்கச் சொல்வோம். பிரதேச செயலக விளையாட்டு உத்தியோகத்தரிடம் கேட்டால், எந்தக் கழகத்திடம் என்ன பொருள் இருக்கிறது என்று அறிய வழி கிடைக்கும். அயல் கழகங்கள் மூன்று நான்கு சேர்ந்து கால்காப்பு, கையுறை, கீப்பர் கையுறையைப் பொதுவில் வாங்கி வைக்கலாம். கடைக்காரரிடமே வாடகைக்குக் கேட்கலாம். இரண்டு நாள் வாடகை எவ்வளவு, முற்பணம் எவ்வளவு, உடைந்தால் யார் கட்டுவது என்ற மூன்றும் சீட்டில் இருக்க வேண்டும். "பிடித்தால் வைத்திருப்போம், இல்லாவிட்டால் இன்ன திகதிக்குள் திருப்புவோம்" என்று முன்கூட்டியே பேசி எடுப்பதற்கும் அந்த 1896 சட்டத்தில் இடமிருக்கிறது. அப்படி எடுத்தால், விளையாடிப் பார்க்கலாமா, எத்தனை பந்து என்பதையும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாக உதைபந்து. காற்றுப்பை லேற்றெக்ஸ் ஆனதா பியூட்டைல் ஆனதா என்று பந்திலோ பெட்டியிலோ பாருங்கள். லேற்றெக்ஸ் பை என்றால் ஒரு நாளில் இளகுவது அதன் இயல்பு, விளையாட முன்னர் அடித்துக்கொள்ள வேண்டியதுதான். பியூட்டைல் என்றால் கிழமைக்கணக்கில் ஓரளவு நிற்க வேண்டும். பந்தில் எழுதியிருக்கும் அளவுக்குக் காற்றடித்து (5 ஆம் இலக்கப் பந்துக்கு விதிப்படி 0.6 முதல் 1.1 வளிமண்டல அழுத்தம்) வாளித் தண்ணீரில் அமிழ்த்துங்கள். வால்வில் குமிழி வந்தால் ஊசியில் கிளிசரின் தடவி இரண்டு மூன்று தரம் ஏற்றி இறக்கி மறுபடி பாருங்கள், காய்ந்த வால்வு சில வேளை திரும்ப மூடிக்கொள்ளும். காய்ந்த ஊசியைக் குத்தி வால்வைக் கிழித்திருந்தால் அது பாவித்தவர் தவறு. தையலில் குமிழி வந்தால் அந்த இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். நெருஞ்சியோ உடைமுள்ளோ அகப்பட்டால் பந்து ஒட்டுப் போடுபவரிடம் போகட்டும். முள்ளும் இல்லை, ஊசியையும் ஒழுங்காக ஈரப்படுத்தித்தான் ஏற்றினீர்கள் என்றால், பற்றுச்சீட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். வாங்கியது போன மாதம்தான், மூன்று மாதம் இன்னும் ஆகவில்லை.