பூனைக்குட்டிக்கு முதல் கவளம்: வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்

எங்கள் வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் பூனை நான்கு குட்டி போட்டு இருபது நாளாகிறது. கிண்ணத்தில் பசும்பால் வைக்கலாமா டாக்டர்?
*கானாடுகாத்தான் வாசகி*

வேண்டாம் ஆச்சி. பூனைப் பாலில் இருக்கும் அளவுக்குப் புரதமும் கொழுப்பும் பசும்பாலில் இல்லை. போதாக்குறைக்குப் பேதி வேறு வரும். படிக்கிற காலத்தில் நானும் ஆசையாக ஊற்றிவிட்டு, மறுநாள் வால் நனைந்து சுருண்டுகிடந்த குட்டியைப் பார்த்து விழித்தவன்தான். இப்போதைக்குத் தாய்க்கு வயிறு நிறையப் போடுங்கள், பக்கத்தில் தண்ணீர் வையுங்கள். குட்டிகளை அவள் பார்த்துக்கொள்வாள்.

திட உணவை எப்போது, எப்படித் தொடங்குவது?
*காரைக்குடி வாசகர்*

மூன்றாம் வாரம் பால்பல் எட்டிப்பார்க்கும். நான்காம் வாரம் நடை நிதானப்பட்டு, தாயின் தட்டை மோப்பம் பிடிக்கத் தொடங்கும். அதுதான் நேரம். குட்டிகளுக்கென்று விற்கும் உணவை வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக மசியுங்கள். கை பொறுக்கும் சூட்டில், விளிம்பு தாழ்ந்த தட்டில் வையுங்கள். பரணில் கிடக்கும் பழைய மங்குத் தட்டு, அதாவது எனாமல் பூசிய தட்டு, வாகாக இருக்கும். பூச்சு உதிர்ந்திருந்தால் எடுக்காதீர்கள்.

முதல் நாள் குட்டி தட்டுக்குள்ளேயே இறங்கிவிடும். மூக்கில் கூழ் ஒட்டித் தும்மும். பிறகு ஓரமாய் உட்கார்ந்து காலை நக்கும்போதுதான் ருசி பிடிபடும். அதற்குள் அவசரப்பட்டு முகத்தைத் தட்டில் அமுக்காதீர்கள். கூழ் மூச்சுக்குழாய்க்குள் போனால் நுரையீரல் கெடும். விரல் நுனியில் தொட்டு உதட்டருகே காட்டினால் போதும். நாளைக்கு நான்கு முறை, கொஞ்சம் கொஞ்சமாக. மிஞ்சியதை உடனே எடுத்துவிடுங்கள், நம் ஊர் வெயிலில் சீக்கிரம் புளித்துவிடும். வாரம் செல்லச் செல்லத் தண்ணீரைக் குறையுங்கள். ஏழெட்டு வாரத்தில் ஊறவைக்காமலே கடிக்கும். அதுவரை தாய்ப்பாலும் குடிக்கட்டும்.

கோழிக் குழம்புத் துண்டைக் கழுவிப் போட்டால் என்ன?
*தேவகோட்டை வாசகர்*

செட்டிநாட்டுக் குழம்பில் காரத்தை வேண்டுமானால் கழுவலாம் ஐயா, உள்ளே இறங்கிய வெங்காயத்தையும் பூண்டையும் எப்படிக் கழுவுவீர்கள்? அவை பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். தாளிப்பதற்கு முன்பே ஒரு துண்டைத் தனியே எடுத்து, உப்பில்லாமல் வேகவைத்து, எலும்பு நீக்கிப் பிய்த்துப் போடுங்கள். வெந்த எலும்பு சிம்பாக உடைந்து தொண்டையில் குத்தும். ஆனால் கறி மட்டுமே சாப்பாடாகாது. வளரும் எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அதற்காகத் தயிர்சோறு போட்டுவிடாதீர்கள், அது பூனைக்கு ஏற்ற சாப்பாடே அல்ல.

ஐந்தில் ஒன்று மட்டும் நோஞ்சான். தட்டுக்கே வருவதில்லை.
*பள்ளத்தூர் வாசகி*

சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதிவையுங்கள். பிறக்கும்போது ஏறக்குறைய 100 கிராம். பிறகு நாளுக்கு 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். மற்றவை தள்ளிவிடுகின்றனவா என்று பாருங்கள். அப்படியானால் தனித் தட்டு. எடை இரண்டு நாள் ஏறாமல் நின்றாலோ, உடம்பு சில்லிட்டாலோ காத்திருக்காதீர்கள், மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். வயிறு மட்டும் பானையாக இருந்தால் குடற்புழுவாக இருக்கலாம். மருந்தின் அளவை எடை பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரையெல்லாம் அசிங்கம் செய்கின்றன.
*காரைக்குடி வாசகி*

சாப்பாட்டுத் தட்டுக்கு எட்டத்தில், தாழ்ந்த தட்டில் மணல் வையுங்கள். சாப்பிட்டதும் அதில் இறக்கிவிடுங்கள். சில நாளில் பழகிவிடும்.

வீட்டில் கல்யாணம். ஐந்து வாரக் குட்டிகளை யாருக்காவது கொடுத்துவிடலாமா?
*கோட்டையூர் வாசகர்*

எட்டு வாரம் முடியட்டும். அதுவரை ஆள் நடமாட்டமில்லாத பின்கட்டு அறை ஒன்றைத் தாய்க்கும் குட்டிகளுக்கும் ஒதுக்குங்கள். பால் கொடுக்கும்போதே பூனை மறுபடி சினைப்படக்கூடும். ஆகவே குட்டிகள் பால் மறந்ததும் தாய்க்குக் கருத்தடை அறுவைக்கு நாள் கேட்டுவையுங்கள்.