இதைச் சொன்னது யார்?

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். ஓராண்டில் வேதாகமத்தை முடிக்கும் அட்டவணையை வைத்து மூன்று முறை முழுக்க வாசித்துவிட்டேன். ஆனால் யாராவது "ரோமர் நிருபத்தில் பவுல் என்னதான் சொல்கிறார்?" என்று கேட்டால், மனப்பாடமாக நாலு வசனம் சொல்வேனே தவிர அவர் சொல்லவருவது என்னவென்று சொல்லத் தெரியாது. லேவியராகமம் வந்தாலோ கண் மட்டும்தான் ஓடுகிறது. எங்கள் ஐக்கியத்தில் ஒருவர், "பரிசுத்த ஆவியானவர் போதிப்பார், விளக்கவுரை எல்லாம் எதற்கு?" என்கிறார். இன்னொருவர், "எபிரேயமும் கிரேக்கமும் தெரியாமல் வேதம் புரியவே புரியாது" என்கிறார். பதினொரு வருட விசுவாசி இப்படிக் கேட்க வெட்கமாகத்தான் இருக்கிறது. வேதத்தைப் புரிந்துகொள்வதில் வளர என்ன செய்வது?

ஒரு வாசகி (பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தங்கைக்கு,

வெட்கம் எதற்கு? பவுலின் நிருபங்களில் சில காரியங்கள் "அறிகிறதற்கு அரிதாயிருக்கிறது" என்று பேதுருவின் இரண்டாம் நிருபமே ஒப்புக்கொள்கிறது. வேதம் கடினம் என்பது வேதத்துக்குள்ளேயே எழுதியிருக்கிறது. நாம் தனியாக வெட்கப்பட ஒன்றும் இல்லை.

முதலில் அந்த இரண்டு பேர் வழக்கை முடித்துவிடலாம். அப்போஸ்தலர் 8-ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பிய மந்திரி இரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசித்துக்கொண்டு போகிறான். புரியவில்லை. ஆவியானவர் நினைத்திருந்தால் அவனுக்கு அங்கேயே, நேராகவே புரியவைத்திருக்கலாம். அவரோ பிலிப்பு என்ற சுவிசேஷகரிடம், "நீ போய், அந்த இரதத்துடனே சேர்ந்துகொள்" என்கிறார். ஆவியானவர்தான் போதித்தார், ஆனால் ஓடிவந்து மூச்சுவாங்க இரதத்தில் ஏறிய ஒரு மனிதனைக் கொண்டு போதித்தார். நல்ல விளக்கவுரையும் அப்படி வந்து ஏறிக்கொள்ளும் ஒரு பிலிப்புதான். வேலை முடிந்ததும் பிலிப்பு மறைந்துபோனான் என்பதையும் கவனியுங்கள். சில விளக்கவுரையாளர்கள் இரதத்தைவிட்டு இறங்குவதே இல்லை!

அந்த மந்திரி பிலிப்புவிடம் கேட்ட கேள்விதான் எனக்கு முக்கியம். "தீர்க்கதரிசி யாரைக்குறித்து இதைச் சொல்லுகிறார்? தம்மைக்குறித்தோ, வேறொருவரைக்குறித்தோ?" இந்த வசனம் இன்றைக்கு எனக்கு என்ன சொல்கிறது என்று அவன் ஆரம்பிக்கவில்லை. யார், யாரைப்பற்றிப் பேசுகிறார் என்றுதான் ஆரம்பித்தான். நாம் பெரும்பாலும் இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்துவிடுகிறோம். நானும் குதித்தவன்தான்.

நண்பர் ஒருவருடைய தொழில் நொடித்துப்போய், வேறொன்றைச் சின்னதாகத் தொடங்கியிருந்தார். அவருக்கு ஒரு வசனம் எழுதி அனுப்பினேன்: "உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்." யோபு 8:7. எத்தனை சுவர்களில் பார்த்திருப்போம் இதை! சில மாதம் கழித்துச் சந்தித்தபோது அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "அதைச் சொன்னது யார்னு பாத்தீங்களா?" நான் பார்த்திருக்கவில்லை.

சொன்னவன் பில்தாத். யோபின் மூன்று நண்பர்களில் ஒருவன். யாரிடம் சொல்கிறான்? ஏழு குமாரரையும் மூன்று குமாரத்திகளையும் ஒரே நாளில் இழந்தவனிடம். மூன்று வசனம் மேலே போய்ப் பாருங்கள். உம்முடைய பிள்ளைகள் பாவம் செய்திருந்தார்கள் என்றால் அதற்கான தண்டனைக்குத் தேவன் அவர்களை ஒப்புக்கொடுத்திருப்பார் என்று, பிள்ளைகளைப் புதைத்த தகப்பன் முகத்துக்கு நேராகவே சொல்கிறான். அடுத்ததாக, நீராவது சுத்தமாக இருந்தால் உமக்கு எல்லாம் நன்றாக நடக்கும் என்கிறான். அந்தப் பேச்சின் தொடர்ச்சிதான் நம் சுவரில் தொங்கும் வசனம். முழுப் பேச்சையும் வாசித்தால், அது ஆறுதல் வேடத்தில் வந்த குற்றச்சாட்டு என்று தெரியும். 42-ஆம் அதிகாரத்தில் கர்த்தர் இந்த மூன்று நண்பர்கள்மேலும் கோபம் மூண்டவராக, நீங்கள் என்னைக்குறித்துச் சரியாகப் பேசவில்லை என்கிறார்.

அப்படியானால் அந்த வசனம் பொய்யா? அங்கேதான் விஷயம் சுவையாகிறது. அதே 42-ஆம் அதிகாரத்தில் கர்த்தர் யோபின் முன்னிலைமையைவிடப் பின்னிலைமையை ஆசீர்வதித்தார் என்று வருகிறது. பில்தாத் சொன்னது நடந்துவிட்டது! ஆனால் அவன் போட்ட கணக்கின்படி நடக்கவில்லை. யோபு ஒளித்துவைத்த பாவம் எதையும் அறிக்கையிட்டு அதை வாங்கவில்லை. சரியான வார்த்தையைத் தவறான ஆள், தவறான காரணத்துக்காகச் சொல்லியிருக்கிறான். 42 அதிகாரம் நீளமான அந்தப் புத்தகம் பேசுவதே இதைப்பற்றித்தான். 8:7-ஐ மட்டும் வெட்டி எடுத்தவனுக்கு இது எதுவும் கிடைக்காது. எனக்கும் கிடைக்கவில்லை.

நாம் வெட்டி எடுப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதிகார எண்கள் 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் என்ற ஆங்கிலேயப் பேராயர் போட்டவை என்று சொல்வார்கள். புதிய ஏற்பாட்டின் இன்றைய வசன எண்களை 1551-இல் ராபர்ட் எஸ்தியென் என்ற பாரிஸ் அச்சுக்காரர் போட்டார். இடத்தைக் கண்டுபிடிக்க அருமையான வசதி, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பவுல் எழுதியது எண் போட்ட வாக்கியங்கள் அல்ல, கடிதம். உங்கள் கடிதத்தை நான் அதிகாரம் அதிகாரமாகப் பிரித்து, நாளைக்கு மூன்று வரி என்று வாசித்திருந்தால் நீங்கள் கேட்டது எனக்குப் புரிந்திருக்குமா?

அதனால் ரோமரை ஒரே மூச்சில் வாசியுங்கள். 16 அதிகாரம்தான், நிதானமாக வாசித்தாலும் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். என் வழக்கம், கடைசியிலிருந்து தொடங்குவது. 16-ஆம் அதிகாரம் பெரும்பாலும் பெயர்கள், வாழ்த்துகள். கெங்கிரேயா சபையைச் சேர்ந்த பெபேயாளை ஏற்றுக்கொள்ளச் சொல்கிறார் பவுல். 14-இல் ஒருவன் எல்லாவற்றையும் புசிக்கிறான், இன்னொருவன் மரக்கறி மட்டும் புசிக்கிறான், இருவரும் ஒருவரையொருவர் குற்றவாளியாகத் தீர்க்கிறார்கள். 15-இல் "ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்ளுங்கள்" என்கிறார். யூதரும் யூதரல்லாத புறஜாதியாரும் ஒரே சபையில் முறைத்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்கிறதா? அந்தச் சத்தத்தோடு முதல் அதிகாரத்துக்குத் திரும்புங்கள். யூதனானாலும் கிரேக்கனானாலும் எல்லாரும் பாவம் செய்தார்கள், எல்லாருக்கும் ஒரே வழி என்று அவர் ஏன் அத்தனை மெனக்கெட்டு வாதாடுகிறார் என்பது அப்போது பிடிபடும்.

லேவியராகமத்துக்கும் இதே வைத்தியம்தான். அதைத் தனியாக எடுக்காதீர்கள். யாத்திராகமத்தின் கடைசியில், தேவனை ஆராதிக்க அமைத்த ஆசரிப்புக்கூடாரத்தைக் கர்த்தருடைய மகிமை நிரப்புகிறது, மோசேயால் உள்ளே போகமுடியவில்லை. எண்ணாகமத்தின் முதல் வசனத்தில் கர்த்தர் அதே கூடாரத்தில் மோசேயோடு பேசுகிறார். நடுவில் 27 அதிகாரம் லேவியராகமம். பரிசுத்தமான தேவனோடு ஒரு ஜனம் எப்படிக் குடியிருக்கமுடியும் என்ற கேள்விக்குப் பதில் அது. இது தெரிந்ததும் தோல் வியாதிச் சட்டங்கள் விறுவிறுப்பாகிவிடும் என்று சொல்லவில்லை. எதற்காக அவை அங்கே இருக்கின்றன என்றாவது தெரியும்.

மூலமொழி பற்றி. கற்க வாய்ப்பிருந்தால் கற்றுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் குடிமுழுகிப்போகாது. நம் சபைகளில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பையும், கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். எரேமியா 29:11-இல் ஒன்று "சமாதானம்" என்கிறது, மற்றது "நல்வாழ்வு" என்கிறது. இரண்டும் விலகும் இடத்தில் நில்லுங்கள். அடியில் "ஷாலோம்" என்ற எபிரேயச் சொல் இருக்கிறது, அது ஒரு தமிழ்ச் சொல்லுக்குள் அடங்காது. (அந்த வசனம் யாருக்கு எழுதப்பட்டது என்றும் பாருங்கள். பாபிலோனில் சிறையிருந்தவர்களுக்கு. அதற்கு முந்தின வசனத்திலேயே எழுபது வருஷம் என்று இருக்கிறது. பில்தாத்துக்குச் செய்ததை இதற்கும் செய்துபாருங்கள்.)

அப்புறம், அட்டவணை. மூன்று முறை முடித்துவிட்டீர்கள், கதை மொத்தமும் உங்களுக்குள் இருக்கிறது, அது வீண்போகாது. இப்போது கொஞ்ச நாள் அதை மூடிவையுங்கள். ஒரு மாதத்துக்கு ஒரே புத்தகம், திரும்பத் திரும்ப. சில இடங்களைச் சத்தமாக வாசியுங்கள். முதலாம் சங்கீதத்தில் "தியானமாயிருக்கிற" என்று வரும் இடத்தில் எபிரேயத்தில் "ஹாகா" என்ற சொல். அது வாய்க்குள் முணுமுணுப்பது. இரையைப் பிடித்த சிங்கம் உறுமுவதற்கும் ஏசாயா 31:4-இல் அதே சொல்தான். தியானம் என்றால் கண்ணை மூடி அமைதியாக இருப்பது என்று நினைத்திருந்த எனக்கு, எலும்பை விடாமல் உறுமும் சிங்கம் பெரிய விடுதலையாக இருந்தது.

இதை இரண்டு மூன்று பேராகச் செய்தால் இன்னும் நல்லது. எனக்கு பில்தாத்தைக் காட்டிக்கொடுத்தது விளக்கவுரை அல்ல, நொடித்துப்போன ஒரு நண்பர். அடிபட்டவர்களுக்குச் சில பக்கங்கள் நம்மைவிடச் சீக்கிரம் திறக்கின்றன. உங்கள் ஐக்கியத்தின் அந்த இரண்டு பேரையும்கூட ஒரே மேசையில் உட்கார வைத்துப் பாருங்கள்.

ரோமர் முடிந்ததும் யோபை எடுங்கள். 32-ஆம் அதிகாரத்தில் எலிகூ என்ற இளைஞன் திடீரென்று எழுந்து ஆறு அதிகாரம் பேசுவான். கடைசியில் கர்த்தர் மூன்று நண்பர்களைக் கண்டிக்கும்போது அவன் பெயரை எடுக்கவே மாட்டார். பாராட்டும் இல்லை, கண்டிப்பும் இல்லை. அவன் சொன்னது சரியா தவறா என்று எத்தனையோ முறை வாசித்தும் எனக்கு இன்னும் முடிவுக்கு வரமுடியவில்லை. அங்கே வந்து சேர்ந்ததும் உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்