கோபுரம் இல்லாத விமான நிலையம்

கேள்வி: கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் வசிக்கும் என் மகன், வார இறுதிகளில் வாட்சன்வில் என்னும் ஊரின் விமான நிலையத்தில் விமானம் ஓட்டப் பழகுகிறான். அங்கே சென்றபோது கட்டுப்பாட்டுக் கோபுரமே இல்லாததைக் கண்டு திடுக்கிட்டேன். இது பாதுகாப்பானதா? இரண்டு ஓடுபாதைகளில் ஒன்றை மூடி வீடு கட்டலாம் என்றும் அங்கே பேச்சிருக்கிறது. சிறிய ஊருக்கு இரண்டு ஓடுபாதை எதற்கு?
– ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: தங்கள் திடுக்கிடலில் நியாயம் இருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் சிறு விமானங்கள் வந்துபோகும் நிலையங்களில் மிகப் பெரும்பாலானவை கோபுரம் இல்லாதவையே. அங்கே விமானிகள் அனைவரும் ஒரே வானொலி அலைவரிசையில், தாம் எந்த ஓடுபாதையை நோக்கி, எவ்வளவு தொலைவில், எந்த உயரத்தில் வருகிறோம் என்பதை ஒருவருக்கொருவர் அறிவித்துக்கொண்டே இறங்குவார்கள். இரவில் வரும் விமானி தம் வானொலிப் பொத்தானை ஐந்து நொடிக்குள் ஏழு முறை அழுத்தினால், ஆளில்லாத ஓடுபாதையின் விளக்குகள் முழு ஒளியுடன் எரியும் ஏற்பாடு பல நிலையங்களில் உண்டு.

இந்த முறை முழுவதும் ஒழுங்கை நம்பியே நிற்கிறது. 2022 ஆகஸ்ட் 18 அன்று வாட்சன்வில்லில், இறங்குவதற்காக ஓடுபாதையைச் சுற்றிவரும் சுற்றுவட்டத்தில் முறையாகப் பறந்துகொண்டிருந்த செஸ்னா 152 என்ற சிறு விமானத்தின் மீது, நேராக இறங்க வந்த இரட்டை எஞ்சின் செஸ்னா 340 மோதியதில் மூவர் உயிரிழந்தனர். பின்னால் வந்த விமானத்தின் வேகம் சுமார் 180 நாட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 330 கி.மீ. அந்த இடத்தில் அது மிக அதிகம். இரு விமானிகளும் வானொலியில் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள் என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது. தங்கள் மகனிடம், காதால் கேட்டதோடு நில்லாமல் கண்ணாலும் தேடிப் பார்க்கும் பழக்கத்தைக் கைவிடக்கூடாது என்று சொல்லுங்கள்.

இனி ஓடுபாதைகள். ஓடுபாதையின் எண் அதன் திசையைக் குறிப்பது: 20 என்றால் வடக்கிலிருந்து ஏறத்தாழ 200 பாகை, 27 என்றால் 270 பாகை. வாட்சன்வில்லின் முதன்மை ஓடுபாதையான 20 சுமார் 4,500 அடி. மற்றதான 27 சுமார் 4,000 அடி. விமானம் எதிர்க்காற்றில்தான் இறங்க விரும்பும். பயிற்சிக்குப் பயன்படும் செஸ்னா 152இல், 12 நாட் வேகம் வரையிலான குறுக்குக் காற்றில்தான் சோதனையின்போது இறங்கிக் காட்டியிருக்கிறார்கள். காற்று பக்கவாட்டில் வலுத்த நேரத்தில், தனியாக வானில் இருக்கும் மாணவனுக்கு வேறு திசையில் ஒரு பாதை இருப்பது ஆடம்பரம் ஆகாது.

வீடு வேண்டும் என்பவர்களின் தேவையும் உண்மையானது. ஸ்ட்ராபெரி வயல்களில் உழைப்பவர்கள் நெருக்கடியில் வாழும் ஊர் அது. எனினும், இரண்டாவது ஓடுபாதையின் நுனியில் பாதுகாப்பு எல்லைகளைத் தளர்த்திக் குடியிருப்புக்கு வழிசெய்ய நகராட்சி வகுத்த திட்டத்தை விமானிகள் சங்கம் எதிர்த்து வழக்காடியது. மாநில விமான நிலையக் கையேட்டின் வரையறைகளை நகராட்சி பின்பற்றியே ஆகவேண்டும் என்று 2010ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விமானம் புறப்படும்போதும் இறங்கும்போதும்தான் விபத்துகள் மிகுதி என்பதால், ஓடுபாதையின் நுனியில் வீடு கட்டுவது அந்த வீட்டில் குடியேறுபவருக்கே தீங்கு என்பதே என் எண்ணமும். பணக் கணக்கும் ஒன்று உண்டு. இத்தகைய நிலையங்களின் மேம்பாட்டுச் செலவில் பொதுவாக 90 சதவீதமோ அதற்கு மேலோ மத்திய அரசு தருகிறது; அதைப் பெற்ற ஊர், நிலையத்தை நீண்டகாலம் பேணும் கடப்பாட்டையும் சேர்த்தே ஏற்கிறது.

அந்த நிலையம் யாருக்கு உதவியது என்பதையும் தாங்கள் அறியவேண்டும். 1989 அக்டோபர் 17 அன்று 6.9 அளவில் நிலநடுக்கம் தாக்கி, மலைப்பாதைகள் சரிந்து வாட்சன்வில் துண்டிக்கப்பட்டபோது, சொந்த விமானம் வைத்திருந்த தன்னார்வலர்கள் உணவும் மருந்தும் போர்வைகளும் சுமந்து, ஒருவர் பின் ஒருவராக இந்த நிலையத்தில்தான் வந்து இறங்கினார்கள்.